டொக்டரின் முகம் மாறும்போது பிள்ளைகளுக்குப் பதில் வேண்டும்

‘டொக்டர் ஹூ’ தொடரை எழுதுவோருக்கும் தயாரிப்போருக்கும், அதை ஒளிபரப்பும் பிபிசியின் நாடகப் பிரிவினருக்கும்,

2025 மே 31, சனிக்கிழமை. லண்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா, என் மகள், தங்கை, அவளுடைய எட்டு வயது மகன், நான் என்று ஐந்து பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். பருவத்தின் கடைசி அத்தியாயம். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டொக்டர் சாகும் தறுவாயில் முகமும் உடம்பும் மாறி வேறொரு நடிகராக எழுவார், அதுதான் இந்தத் தொடரின் வழக்கம். பொப்பி என்ற குழந்தையை மீட்பதற்காக ஷூட்டி கட்வாவின் டொக்டர் தன் உயிராற்றலைக் கொடுத்துவிட்டார். டார்டிஸ் என்ற தன் காலப் பயண வண்டியில் தனியாக நின்றார். ஒளி பீறிட்டது. அடங்கியபோது அந்த இடத்தில் பில்லி பைப்பர் சிரித்துக்கொண்டு நின்றார். பெயர்ப் பட்டியல் ஓடியது. ‘பில்லி பைப்பர் அறிமுகம்’ என்று அதில் இருந்தது. எந்தப் பாத்திரமாக அறிமுகம் என்று இல்லை.

மருமகன் திரும்பி என்னைப் பார்த்தான். “மாமா, ஆர் அவ?”

இருபது வருடத்துக்கு முன்னர் ரோஸ் என்ற பாத்திரத்தில் நடித்தவர் என்றேன். “அப்ப அவவோ புது டொக்டர்?” தெரியாதடா. “ஷூட்டி திரும்பி வருவாரோ?” தெரியாது.

42 ஆண்டுகளாக இந்தத் தொடரைப் பார்க்கிறேன். டொக்டரின் முகம் மாறிய இரவில் ஒரு பிள்ளையின் கேள்விக்கு நான் ‘தெரியாது’ என்று சொன்னது அதுவே முதல் தடவை. என் மறதியால் வந்த ‘தெரியாது’ அல்ல அது. பதிலை நீங்கள் வைக்கவே இல்லை. ஒக்டோபரில் டிஸ்னியுடனான கூட்டு முடிந்துவிட்டது என்றும், 2026 கிறிஸ்துமஸுக்கு ரசல் டி டேவிஸ் எழுதும் சிறப்பு அத்தியாயம் வரும் என்றும் அறிவித்தீர்கள். 2025 மே முதல் 2026 டிசம்பர் வரை பத்தொன்பது மாதம். எட்டு வயதில் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பத்து வயதை நெருங்கும்போது பதில் கிடைக்கலாம். அதுவும் கிடைக்கலாம் என்பதுதான், கிடைக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை.

நடிகர் விலகுவதில் எனக்குக் குறை இல்லை. விலகுவதையே தன் பலமாக்கிக்கொண்ட தொடர் இது. என் முறைப்பாடு, விலகலை நீங்கள் கையாளும் விதத்தைப் பற்றியது.

இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என்றாலும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. 1963 நவம்பர் 23 இல் தொடர் தொடங்கியபோது வில்லியம் ஹார்ட்னலுக்கு 55 வயது. முதல் பருவத்தில் மட்டும் 42 அத்தியாயங்கள். மூன்று ஆண்டுக்குள் அவருடைய உடம்பு தளர்ந்தது, வசனம் நினைவில் நிற்க மறுத்தது. தொடரை அத்துடன் மூடியிருக்கலாம். அல்லது அதே வெள்ளை முடியும் அதே நடையும் உள்ள ஒருவரைத் தேடிப்பிடித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஓட்டியிருக்கலாம். 1966 ஒக்டோபர் 29 இல் நடந்தது வேறு. டொக்டர் டார்டிஸின் தரையில் விழுந்தார். நாடே பார்த்திருக்க அவர் முகம் கரைந்து பட்ரிக் ட்ரவுட்டனின் முகமாயிற்று. கறுத்த முடி, கசங்கிய உடுப்பு, கையில் ஒரு குழல், கண்ணில் குறும்பு. முன்னவரின் சாயல் எள்ளளவும் இல்லாத ஒரு மனிதர்.

ஆனால் நான் இன்றைக்கும் வியப்பது அதற்கு அடுத்த வாரத்தைத்தான். நவம்பர் 5 இல் தொடங்கிய கதையில், டொக்டரோடு பயணிக்கும் இருவரில் பொலி என்ற பெண் அவரை டொக்டர் என்று நம்புகிறாள், பென் என்ற இளைஞன் நம்பவில்லை. பழைய மோதிரத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள், விரலில் நிற்கவில்லை. புதியவரோ டொக்டரைப் பற்றி யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார். கண்ணாடியைப் பார்க்கிறார், பழைய முகம் தெரிகிறது. வீட்டில் இருந்தவர்களின் சந்தேகம் அத்தனையையும் பென் அவர்களுக்காக வாய்விட்டுக் கேட்டான். கடைசியில் டொக்டரைத் தயக்கமில்லாமல் இனங்கண்டது அவருடைய பழைய எதிரி இனமான டாலெக்குகளில் ஒன்று. பகைவனே அடையாளம் கண்டபின் வேறு சாட்சி எதற்கு? அந்த ஆறு அத்தியாயங்களின் படப்பதிவு அழிந்துவிட்டது. ரசிகர்கள் வீட்டில் பதிந்துவைத்த ஒலி மிஞ்சியிருந்ததால் 2016 இல் அசைவூட்டப் படமாக அதைப் பார்க்க முடிந்தது. குரல் மட்டும் மிஞ்சிய அந்தக் கதையில்தான் இந்தத் தொடரின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பழையவர் நம் கண்முன்னே போகவேண்டும். வருபவர் புதியவராக இருக்கவேண்டும். அவரை நம்ப மறுக்க நம் சார்பில் திரையில் ஒருவர் நிற்கவேண்டும். அன்று கண்டுபிடித்த முறை இதுதான்.

அந்த முறை ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் நாங்கள் லண்டனுக்கு வந்தோம். எனக்கு ஒன்பது வயது. ஈஸ்ட் ஹாமில் மாமாவின் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. ஆங்கிலத்தில் பெயர் சொல்லத் தெரியும், வழி கேட்கத் தெரியாது. நவம்பர் 25, வெள்ளிக்கிழமை இரவு, தொடரின் இருபது ஆண்டு நிறைவுச் சிறப்புக் கதை. ஐந்து டொக்டர்கள். அம்மாவுக்கும் எனக்கும் வசனம் பாதிக்கு மேல் விளங்கவில்லை. “அவை அஞ்சு பேரும் ஒராள்தான்” என்று மாமாவின் மகன் சொன்னான். நான் நம்பவில்லை. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கூடு விட்டுக் கூடு பாயிறது போல” என்றார்.

உடனே விளங்கிவிட்டது. திருமூலர் கதையை அப்பம்மா சொல்லி எத்தனையோ இரவு கேட்டிருந்தேன். மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்க, மாடுகள் சுற்றி நின்று அழுவதைப் பார்த்த யோகியார் இரங்கி அவன் உடம்பில் புகுந்துகொள்கிறார். மாடுகளை ஊரில் சேர்த்துவிட்டுத் தன் உடம்பைத் தேடிப் போனால், விட்ட இடத்தில் அது இல்லை. சிவன் மறைத்துவிட்டார். இனி மூலனின் உடம்புதான். இருந்த ஊரை விட்டு, திரும்பிப் போக முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதை வெறும் கதையாக இருக்கவில்லை. முகம் போனாலும் ஆள் போவதில்லை என்று தொலைக்காட்சி சொல்லியது. அப்பம்மாவும் அதைத்தானே சொன்னா என்று எனக்குப் பட்டது. பெரியவனானபின் இந்த நினைவுக்கு நான் பொருள் கூட்டிச் சொல்லவில்லை, அன்றே அப்படித்தான் பட்டது.

1984 மார்ச்சில் பீட்டர் டேவிசனின் டொக்டர் இறந்ததைப் பார்த்தேன். நஞ்சுக்கு மருந்து ஒருவருக்கு மட்டும்தான் போதும், அதைப் பெரி என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சாய்ந்தார். அழுதேன். கொலின் பேக்கர் எழுந்து உட்கார்ந்தார். சரி, இனி இவர்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த வாரம், பல நிறத் துண்டுகளால் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு இந்தப் புதிய டொக்டர் பெரியின் கழுத்தை நெரித்தார். முந்திய வாரம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அதே பெண். “உதென்ன, பிள்ளையளுக்குக் காட்டுற கூத்தே உது?” என்று அம்மா எழுந்துபோய் நிற்பாட்டிவிட்டார்.

அந்தக் கதையுடன் பருவம் முடிந்தது. 1985 ஜனவரி வரை தொடர் இல்லை. ஒன்பது மாதம் எனக்கு அந்த டொக்டர் கழுத்தை நெரித்தவராகவே இருந்தார். என் வகுப்பில் அதைப் பார்த்த பையன்கள் அடுத்த ஆண்டு வேறு நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டார்கள். கொலின் பேக்கர் திறமையானவர், அதை நான் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு நேர்ந்த கெடுதல் நடிப்பால் வந்ததல்ல. அவரை அறிமுகப்படுத்திய விதமும், அதன்பின் விட்ட இடைவெளியும் செய்த வேலை அது. ஒரு முகம் பிள்ளைகளின் மனத்தில் எப்படிப் பதிகிறதோ அப்படியே மாதக்கணக்கில் உறைந்துவிடும். 1986 இல் அவரை நீக்கினார்கள். முகமாற்றக் காட்சிக்கு மட்டும் வந்துபோகச் சொன்னபோது அவர் மறுத்தார், மறுத்தது நியாயம். 1987 செப்டம்பரில் சில்வெஸ்டர் மெக்கோய் பொன்னிறச் சுருள்முடி டோப்பாவோடு டார்டிஸின் தரையில் கிடந்தார். திருப்பிப் போட்டார்கள், முகம் மாறியது. எனக்குப் பதின்மூன்று வயது. டோப்பா என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு மனிதருக்கு விடைகொடுக்கக்கூட அவரை விடவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு ஆண்டில், 1989 டிசம்பரில், தொடரே நின்றது. அதற்குக் காரணம் பல உண்டு. இதுவும் ஒன்று.

நல்லபடியாகச் செய்த காலங்களும் உண்டு, அவற்றை மறைக்க நான் வரவில்லை. டொம் பேக்கர் ஏழு ஆண்டு இருந்துவிட்டு 1981 மார்ச்சில் போனார். அடுத்தவர் முழுக்கதையோடு வர 1982 ஜனவரி ஆகிவிட்டது. இதுவும் ஒன்பது மாதம்தான். ஆனால் 1981 நவம்பரில் முந்திய டொக்டர்களின் கதைகளை வரிசையாக மறுபடி ஒளிபரப்பினார்கள். டொம் பேக்கரைத் தவிர வேறு டொக்டரையே அறியாத பிள்ளைகளுக்கு, ஆள் மாறுவது இங்கே வழக்கம் என்று கதையாலேயே கற்றுக்கொடுத்தார்கள். அட்ரிக், நைசா, டேகன் என்ற பயணத் தோழர் மூவரையும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்ததால் முகம் மாறினாலும் வீடு மாறவில்லை. அது அக்கறை. போல் மெக்கான் 1996 இல் ஒரே ஒரு படத்தோடு மறைந்தபோது, பதினேழு ஆண்டு கழித்து 2013 இல் சில நிமிடக் குறும்படத்தில் அவரை அழைத்து முறையாக வழியனுப்பினீர்கள். அதுவும் அக்கறைதான். 2022 இல் கொலின் பேக்கரையும் ஒரு காட்சியில் கொண்டுவந்தீர்கள். அன்று நான் மனமார நன்றி சொன்னேன்.

என் மகள் 2004 இல் பிறந்தவள். அவளுடைய டொக்டர் மாட் ஸ்மித். 2013 கிறிஸ்துமஸ் இரவில் அவர் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, நான் அழுத அதே வயது. பீட்டர் கப்பால்டி வந்து நின்றதும் “இந்தத் தாத்தாவா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த ஓகஸ்ட் வரை அவரைப் பற்றிப் பேசினாலே முகத்தைத் திருப்புவாள். ஓகஸ்ட் 23 அன்று கட்டாயப்படுத்தி உட்காரவைத்தேன். கதையில் டொக்டரின் பயணத் தோழி கிளாராவும் அவளைப் போலவேதான் இருந்தாள். புதியவரை அவளால் ஏற்க முடியவில்லை. மூப்பு அவளுக்கு உறுத்துகிறது, அதற்காக ஏச்சும் வாங்குகிறாள். முடிவில் கிளாராவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. மறுமுனையில் பழைய டொக்டர், மாறுவதற்குச் சற்று முன்னர் பேசியது. அவர் பயந்துபோயிருக்கிறார், அவருக்கு உன் துணை வேண்டும் என்கிறார். எதிரே கப்பால்டி நின்று, என்னை நீ பார்க்கவில்லையா என்று கேட்கிறார்.

மகள் என் கையைப் பிடித்தாள். “அவரே சொல்றார் அப்பா.” அதன் பிறகு மூன்று பருவமும் கப்பால்டி அவளுடைய டொக்டர்தான். இன்று இருபது வயது கடந்த பெண், இன்னும் அவரைப் பற்றிப் பேசினால் கண் மலரும். ஒரே ஒரு காட்சி, ஒரு தொலைபேசி அழைப்பு. பிள்ளையின் துயரத்தை மதித்து எழுதினால் பிள்ளை கூட வரும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஜொடி விட்டேக்கர் என்ற நடிகை 2018 இல் புது டொக்டராக வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு கலக்கமும் இல்லை. ரயில் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்த பெண்ணை அம்மா உட்பட எல்லோரும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டோம். பெண்ணா ஆணா என்பது எங்களுக்கு ஒருநாளும் சிக்கலாக இருக்கவில்லை. இன்றைய என் முறைப்பாட்டை, பெண் டொக்டரை எதிர்த்தவர்களின் கூச்சலோடு யாரும் சேர்த்துவிட வேண்டாம்.

சிக்கல் 2022 ஒக்டோபரில் தொடங்கியது. விட்டேக்கர் போன இடத்தில், முன்னரே ஒருமுறை டொக்டராக இருந்துவிட்டுப் போன டேவிட் டெனண்ட் மறுபடி நின்றார். அறுபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக என்று புரிந்தது. அடுத்தவர் ஷூட்டி கட்வா என்று அந்த மே மாதமே அறிவித்திருந்தபடியால் பொறுத்துக்கொண்டோம். என் அம்மாவுக்கு டெனண்ட் என்றால் உயிர், “என்ர மெல்லிசுப் பெடியன்” என்பார். அவரும் பழைய பயணத் தோழி டொனாவும் மறுபடி சேர்ந்த அந்த மூன்று கதைகளையும் நாங்கள் மகிழ்ந்துதான் பார்த்தோம். மறுக்கமாட்டேன்.

2023 டிசம்பர் 9 இல் என்ன செய்தீர்கள்? பழைய டொக்டரைப் போகவிடவில்லை. இருவராகப் பிளந்தீர்கள். டெனண்ட் அப்படியே நின்றார், பக்கத்தில் கட்வா வந்து நின்றார். ஒரே உடுப்பைப் பங்குபோட்டதில் காற்சட்டை பழையவருக்குப் போனது. புதியவர் சட்டையும் டையும் உள்ளாடையுமாகத் தன் முதல் கதையை முடிக்கவேண்டியிருந்தது. டார்டிஸும் இரண்டாயிற்று. பழையவர் டொனாவின் குடும்பத்தோடு லண்டனிலேயே தங்கிவிட்டார்.

இதற்கு நீங்கள் கதையில் சொன்ன நியாயத்தைக் கவனமாகத்தான் கேட்டேன். காலமெல்லாம் ஓடிய மனிதன் ஒருநாளாவது ஓய்வெடுக்க வேண்டும், அவன் ஆறினால்தான் பின்னால் வருபவன் நலமாக இருப்பான் என்றீர்கள். அழகான எண்ணம். போரில் அடிபட்ட குடும்பங்களில் இருந்து வந்த எங்களுக்கு அந்த எண்ணத்தின் அருமை தெரியும். ஆனால் அந்த ஓய்வுக்கு விலை கொடுத்தவர் யார்? திருமூலர் கதையில் பழைய உடம்பு பத்திரமாக அங்கேயே கிடந்திருந்தால் யோகியார் அதற்குள் திரும்பிப் போயிருப்பார். திருமூலர் என்று ஒருவர் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார். பழைய உடம்பு மறைந்தாக வேண்டும். மறையாவிட்டால் வந்தவர் விருந்தாளியாகவே இருப்பார்.

விருந்தாளியாக இருக்கவைத்தது யாரை என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. இந்தத் தொடரை முதன்மை நடிகராகத் தோளில் சுமந்த முதல் கறுப்பினத்தவர் ஷூட்டி கட்வா. ருவாண்டாவில் பிறந்து, 1994 இனப்படுகொலையிலிருந்து தப்பி, சின்னக் குழந்தையாக ஸ்கொட்லாந்துக்கு வந்தவர். அவரைப் போன்ற பிள்ளைதான் நானும். “இந்த நாடு உன்னுடையதும்தான்” என்று எங்களிடம் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் வீட்டின் சாவி வேறொருவர் சட்டைப்பையில் இருக்கும். அவர் டார்டிஸுக்குள் காலடி வைக்கும் நாளில், உண்மையான டொக்டர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்று நினைக்க இடம் வைத்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். என் வேலைத்தளத்திலேயே ஒருவர், “டெனண்ட் எப்படியும் திரும்பி வருவார், இது இடையில் வந்துபோகிற கதை” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் எழுதியது அதற்கு வழிவிட்டது.

கட்வாவுக்குக் கிடைத்தது எட்டு எட்டாக இரண்டு பருவம், கிறிஸ்துமஸ் கதை இரண்டு. அவ்வளவுதான். என் மருமகன் அவரைத் தவிர வேறு டொக்டரை அறியான். அவர் போட்டதைப் போல ஒரு தோல் மேலங்கியைப் பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கினான். அவர் போகும்போது திரையில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. வந்தவரைப் பார்த்து “நீ ஆர்?” என்று கேட்க ஒரு பென் இல்லை, கிளாரா இல்லை. 2005 கிறிஸ்துமஸில், கதையின் பெரும்பகுதி பிஜாமாவோடு கட்டிலில் கிடந்த டெனண்டைப் பார்த்து, இவர் என் டொக்டர்தானா என்று எங்களுக்காகத் தவித்தவர் ரோஸ். அந்த ரோஸாக நடித்தவரின் முகத்தையே இன்று விடையில்லாத கேள்வியாக நிறுத்தியிருக்கிறீர்கள். அன்று சந்தேகப்பட்டவரே இன்று சந்தேகத்துக்குரியவர். அவரைச் சந்தேகிக்க எட்டு வயதுப் பிள்ளை மட்டும்தான் மிச்சம்.

பில்லி பைப்பரைப் பார்த்ததும் நெஞ்சு துள்ளியது எனக்கும் என் தங்கைக்கும்தான். எங்களுக்கு ஐம்பதும் நாற்பதும் ஆகிறது. அந்தக் காட்சி எங்களுக்காக எழுதப்பட்டது. முகமாற்றக் காட்சியை எங்களுக்காக எழுதக்கூடாது. முதன்முறையாகத் தன் டொக்டரை இழக்கும் பிள்ளைக்காக எழுதவேண்டும். 1966 இல் அப்படித்தான் எழுதினார்கள், 2014 இலும் அப்படியே. மூன்றாண்டுக்குள் இரண்டு தடவை, புதிய முகம் நிற்கவேண்டிய இடத்தில் பழகிய முகத்தை வைத்திருக்கிறீர்கள். நடுவில் வந்த ஒரே புதியவருக்கும் பழையவரை நிழலாகக் கூட்டி அனுப்பினீர்கள். இனி எதிர்பார்ப்பதற்கு ஏதுமில்லை, நினைத்துப்பார்ப்பதற்கு மட்டுமே உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. தொடரை மூட நினைப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஆண்டுதோறும் தொலைக்காட்சி அனுமதிக் கட்டணம் கட்டும் வீடு எங்களுடையது. அந்த உரிமையைவிட, மூன்று தலைமுறை இந்தத் தொடரோடு வாழ்ந்த உரிமையில் கேட்கிறேன்.

பில்லி பைப்பர் ஏற்றிருக்கும் பாத்திரம் எது என்பதை 2026 கிறிஸ்துமஸ் வரை பூட்டிவைக்க வேண்டாம். அவர்தான் டொக்டர் என்றால் அவரை டொக்டர் என்று பெயர்சொல்லி, மற்றவர்களுக்குக் கொடுத்த மரியாதையோடு அறிவியுங்கள். அவருக்கும் அது தகும். டொக்டர் இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள். கதையைச் சொல்லக் கேட்கவில்லை, பெயரை மட்டும்தான் கேட்கிறேன். 2013 இல் கப்பால்டியின் பெயரை நேரலை நிகழ்ச்சியிலும், 2017 இல் விட்டேக்கரின் பெயரை விம்பிள்டன் இறுதியாட்டம் முடிந்த கையோடும் நாட்டுக்கே சொன்னவர்கள் நீங்கள். பெயர் முன்கூட்டித் தெரிந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் சுவை குறைந்ததில்லை.

அவருக்கு அடுத்து யார் வந்தாலும், இந்தத் தொடரில் நாங்கள் முன்னர் கண்டிராத முகமாக இருக்கட்டும்.

இருவராகப் பிளக்கும் வழியை இனித் தொடவேண்டாம். இன்னொரு டார்டிஸோடு லண்டனில் இருக்கும் அந்த டொக்டரின் கதையையும் ஏதாவது ஒரு நாள் அன்போடு முடித்துவையுங்கள். அம்மா அழுவார், நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் அங்கே இருக்கும்வரை அடுத்து வரும் எவரும் முழு டொக்டராக மாட்டார்.

புதியவரின் முதல் கதையில் அவரை நம்பாத ஒருவரை வையுங்கள். அந்த ஆள் கேட்கும் கேள்விகள் எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் கேள்விகளாக இருக்கட்டும். முகமாற்றத்துக்கும் அந்தக் கதைக்கும் இடையில் மாதங்கள் போவது தவிர்க்க முடியாதது என்றால், 1981 இல் செய்தது போல அந்த இடைவெளியில் பழைய முகமாற்றக் கதைகளை ஒரு மாலை நேரத்தில் வரிசையாக ஒளிபரப்புங்கள். இணையத்தில் எல்லாம் கிடக்கிறதே என்று சொல்லவேண்டாம். எங்கே தொடங்குவது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, நீங்கள்தான் எடுத்துத் தரவேண்டும்.

ஷூட்டி கட்வாவின் டொக்டருக்கு ஒரு முறையான விடை கொடுங்கள். போல் மெக்கானுக்குப் பதினேழு ஆண்டும் கொலின் பேக்கருக்கு அதைவிட நெடுங்காலமும் சென்றன. இவருக்கு அப்படி ஆகவேண்டாம். அவர் விரும்பினால், வரப்போகும் சிறப்புக் கதையிலேயே சில நிமிடம் போதும். தனக்குப் பின்னால் வந்தவரிடம் அவர் பேசட்டும், அல்லது அவர் காப்பாற்றிய பொப்பியிடம் பேசட்டும்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்களானால் ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொள்வேன். ஆனால் என் மருமகன் தானே எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள். அவன் அந்த இரவில் கேட்டு, நான் ‘தெரியாது’ என்று சொன்ன இரண்டு கேள்விகளும் மேலே இருக்கின்றன.